நோயாளிகளை இடம்மாற்றாமல் ஒரு வைத்தியசாலைக் கூரையைத் திருத்தியது: வலிகாமத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

வலிகாமத்தில் ஒரு அரச வைத்தியசாலை. இரண்டு மாடிக் கட்டடம். கீழே வெளிநோயாளர் பிரிவு, கிளினிக் அறைகள், மருந்து கொடுக்கும் இடம். மேலே ஆண்கள் விடுதியும் பெண்கள் விடுதியும். விடுதிகளுக்கு மேலே ஏறத்தாழ 30 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமான ஒரு கொங்கிரீட் தட்டு. பக்கத்தில் ஒட்டினாற்போல மருந்துக் களஞ்சியம், அது பழைய முறையில் பனங்கைமரமும் பனஞ்சிலாகையும் வைத்துக் கள்ளிக்கோட்டை ஓடு போட்டது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இதே மாதிரியான தட்டும் அதே ஒழுக்கும் அதற்குக் கீழே வைத்த வாளிகளும் குடாநாட்டில் எத்தனையோ பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கின்றன, அவர்களில் யாராவது வேலையைத் தொடங்குவதற்கு முன் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டடம் 1980களின் தொடக்கத்தில் கட்டியது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது இங்கே கொண்டுவர முடியாமல் போன பொருட்களில் சீமெந்தும் ஒன்று. அதனால் அந்தக் காலத்தில் வெடிப்புகளுக்குத் தார் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள், கிடைத்ததை வைத்துச் சமாளித்த வேலை, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டிய மழைக்குப் பிறகு ஒரு பூச்சு. யுத்தம் முடிந்த பிறகு இன்னொரு சீமெந்துப் படை. அதற்கு மேல் வெள்ளைப் பெயின்ற். 2020 மார்கழியில் புரேவிப் புயல் வந்து போன பிறகு மறுபடியும் வெடிப்புகளை மட்டும் அடைத்தார்கள். 2022 இல் முழுதாகச் செய்யலாம் என்று மதிப்பீடு போட்டபோது நாடே நெருக்கடியில் கிடந்தது, டீசலுக்கு வரிசை, சீமெந்து விலை எங்கேயோ போய்விட்டது, கோப்பு மூடப்பட்டது. அந்த வருட மாரியும் வாளிகளோடுதான் போனது.

யாழ்ப்பாணத்து மழையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் வந்துவிடும். மிச்ச மாதங்களில் தட்டு வெயிலில் காய்கிறது. விடியற்காலைக் குளிருக்கும் பின்னேர வெயிலுக்கும் இடையே மேற்பரப்பில் 30 பாகை வித்தியாசம் வருவது இங்கே சாதாரணம், அந்த வித்தியாசத்துக்கு 30 மீற்றர் நீளமான கொங்கிரீட் 9 மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டு சுருங்கப் பார்க்கும். தினமும். மேலே பூசிய சீமெந்துப் படை அந்த அசைவைத் தாங்காது, வெடிக்கும். வெடித்தது கோடையில் யாருக்கும் தெரியாது, ஐப்பசியில்தான் தெரியவரும். அப்போது திருத்த முடியாது. இந்தச் சுழற்சியில்தான் கட்டடம் முப்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

முதலில் கண்டது

2022 கார்த்திகையில் நாங்கள் போனபோது மேல்மாடியில் ஆறேழு இடத்தில் ஒழுக்கு. பெண்கள் விடுதியின் வடகிழக்கு மூலையில் இரண்டு கட்டில்களைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டிருந்தார்கள். ஒரு மின்விசிறியின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அந்த வரிசை முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆண்கள் விடுதியின் கழிவறைக்கு மேலே கூரைப் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. இதுவரை வழக்கமான காட்சிதான்.

வழக்கமில்லாதது ஒரு கொப்பி. அந்த விடுதியில் நீண்டகாலம் வேலை செய்யும் மூத்த தாதி ஒருவர் எந்த இடத்தில் எப்போது ஒழுகுகிறது என்று திகதி போட்டு எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்காமல், தானாக. அவர் சொன்னது: "தம்பி, இந்த மூலை வாடை அடிச்சாத்தான் ஒழுகும். காத்து இல்லாட்டி எவ்வளவு பெய்தாலும் ஒரு சொட்டும் இல்லை. நடுவில இருக்கிறது மழை விட்டு ரெண்டு நாளைக்குப் பிறகும் சொட்டும். கழிவறைப் பக்கம் இருக்கே, அது பங்குனியிலயும் சொட்டினது."

இந்த மூன்று வசனங்களும் பிறகு நாங்கள் செய்த சோதனைகளுக்கெல்லாம் வழிகாட்டின. காற்றோடு வரும் மழைக்கு மட்டும் ஒழுகினால் தண்ணீர் தட்டின் பரப்பால் வரவில்லை, சுவரால் வருகிறது. மழை விட்ட பிறகும் சொட்டினால் மேலே எங்கேயோ தண்ணீர் தேங்கி நிற்கிறது, அல்லது படைகளுக்கு நடுவில் அடைபட்டிருக்கிறது. மழையே இல்லாத பங்குனியில் சொட்டினால் அது மழைத்தண்ணீரே அல்ல. மூன்றும் வேறுவேறு நோய், ஆனால் அதுவரைக்கும் மூன்றுக்கும் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்று, மேலே இன்னொரு பூச்சு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

2023 மாசி, பங்குனியில் மழை இல்லாத நாட்களாகப் பார்த்துச் சோதனை செய்தோம். முதலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தது. நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், படை விட்டுப்போன இடத்தில் பொக்கென்று கேட்கும். பொக்கான இடங்களைச் சோக்கால் வட்டம் போட்டுக்கொண்டே போனதில் தட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது, மிச்சம் உறுதியாக ஒட்டியிருந்தது. இது முக்கியமான செய்தி, ஏனென்றால் பழைய மதிப்பீட்டில் முழுப் படையையும் கொத்தி எடுப்பதாக எழுதியிருந்தார்கள்.

பிறகு மூன்று இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டிப் பார்த்தோம். மேலே பெயின்ற், அதற்குக் கீழே சீமெந்துப் படை, அதற்குக் கீழே தார், அதற்குக் கீழே முதலாவது சாந்து. நடு இடத்தில் வெட்டியபோது, மழை கண்டு வாரக்கணக்கான பங்குனி வெயிலில், தாருக்கு மேலிருந்த சாந்து கைக்கு ஈரமாக இருந்தது. உள்ளே போன தண்ணீர் மேலே ஆவியாகவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் நடுவில் நின்று, வெடிப்பு இருக்கும் இடத்தைத் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுதிக்குள் வந்திருக்கிறது. சொட்டுகிற இடத்துக்கும் நுழைகிற இடத்துக்கும் இடையே நான்கு மீற்றர் தூரம்.

வடகிழக்கு மூலைக்குக் குழாயால் தண்ணீர் அடித்தோம். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் தட்டில் மட்டும், பிறகு தட்டும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில், பிறகு சுவரின் உட்பக்கம், கடைசியாகச் சுவரின் தலை. ஒவ்வொன்றிலும் அரை மணிநேரத்துக்குக் குறையாமல் அடித்துவிட்டுக் கீழே ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. தட்டில் அடித்தபோது ஒன்றும் வரவில்லை. சுவரின் தலையில் அடித்துக் கொஞ்ச நேரத்தில் கீழே நின்ற பையன் கத்தினான். சுவரின் தலையில் நீளவாக்கில் வெடிப்பு, ஒரு இடத்தில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது, வெளிப்பக்கம் சரிவாகப் பூசியிருந்ததால் வாடை கொண்டுவரும் மழை நேராக அந்த வெடிப்புக்குள் போயிருக்கிறது.

கழிவறைப் பக்கத்துக்கு மேலே இரண்டு 2,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கிகள். இரவில் கிணற்றிலிருந்து நீர் ஏற்றும்போது தாங்கி நிரம்பி வழியும், வழியும் தண்ணீருக்குக் குழாய் கிடையாது, தாங்கிக்கு அடியில் கட்டியிருந்த மேடையைச் சுற்றித் தேங்கும். பங்குனியில் சொட்டியது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

கடைசியாக வடிகுழாய்கள். நான்கு குழாய், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். ஒவ்வொரு முறை படை போடும்போதும் வாயைச் சுற்றிச் சீமெந்து ஏறி ஏறி இரண்டின் வாய் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது, மிச்சத்தில் வேப்பஞ்சருகும் காகம் போட்ட எலும்பும். மணிக்கு 50 மில்லிமீற்றர் அளவில் அடிக்கிற மழைக்கு 300 சதுர மீற்றர் தட்டில் மணிக்கு 15,000 லீற்றர் தண்ணீர் விழும். அது போக வழியில்லாமல் பத்து சென்ரிமீற்றர் தேங்கினால் தட்டின் மேல் 30 தொன் கூடுதல் பாரம். ஒழுக்கை விட எனக்குப் பயம் தந்தது இந்தக் கணக்குத்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மேசையில் நான்கு யோசனை இருந்தது.

தட்டுக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்துச் சீற் போட்டுவிடலாம் என்பது முதலாவது. இங்கே வீடுகளில் பலர் செய்வது, பல இடங்களில் நல்ல பலனும் கொடுக்கிறது, வெயிலையும் தடுக்கும். ஆனால் இங்கே சட்டத்தை நிறுத்தத் தட்டில் எத்தனையோ துளை போட வேண்டும், சோளகக் காற்றும் புயலும் தூக்காத அளவுக்கு அதைக் கட்ட வேண்டும், தாங்கிகள் எங்கே போகும் என்ற கேள்வி அப்படியே நிற்கும், எல்லாவற்றையும் விட, துருப்பிடிக்கிற கம்பியை மூடி மறைத்துவிடும். தட்டு ஏற்கனவே நோயாளியாக இருக்கும்போது மறைப்பது சரியில்லை என்று கைவிட்டோம்.

எல்லாப் படைகளையும் கொத்தி எடுத்துவிட்டு நெருப்பால் உருக்கி ஒட்டுகிற தார் விரிப்புப் போடுவது இரண்டாவது. நல்ல பொருள்தான். ஆனால் முழுத் தட்டையும் கொத்தினால் விடுதிகளில் மாதக்கணக்கில் ஆட்கள் படுக்க முடியாது. அதோடு ஒட்சிசன் சிலிண்டர்கள் இருக்கிற கட்டடத்துக்கு மேலே காஸ் நெருப்போடு வேலை செய்ய வைத்திய அதிகாரி சம்மதிக்கவில்லை, அவர் சொன்னது நியாயம். இன்னொரு காரணமும் உண்டு. ஈரம் உள்ள தட்டில் தார் விரிப்பை ஒட்டினால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி விரிப்பைக் கொப்பளம் போலத் தூக்கிவிடும். எங்கள் தட்டில் ஈரம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டோம்.

மூன்றாவது ஒப்பந்தகாரர் ஒருவரின் யோசனை: "சேர், இதையெல்லாம் கிண்டாம மேல ரெண்டு கோற் அடிச்சா அஞ்சு வருசம் நிக்கும்." இதைத்தான் முப்பது வருடமாகச் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் எடுத்தது நான்காவது. பொக்கான இடங்களை மட்டும் கொத்தி எடுப்பது, உறுதியாக இருப்பதைத் தொடாமல் விடுவது, தண்ணீர் ஓடுவதற்குச் சாய்வைச் சரிசெய்வது (100 சென்ரிமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது), வடிகுழாய்களை நான்கு அங்குலமாக்குவது, பிறகு சீமெந்தோடு பொலிமர் கலந்து பூசுகிற நீர்க்காப்புப் பூச்சு, மேலே வெள்ளைப் பூச்சு. இந்தப் பூச்சுக்கு நெருப்பு வேண்டாம், மணம் இல்லை, தட்டு கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் ஒட்டும். இழுவைத் தாங்காத மூலைகளிலும் பழைய வெடிப்புகளிலும் கண்ணாடி இழை வலையை நடுவில் வைத்துப் பூச வேண்டும், அதை எழுத்தில் போட்டோம். கைப்பிடிச் சுவரின் தலையை உட்பக்கம் சரிவாக மாற்றி, பூச்சைத் தட்டிலிருந்து சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றி, சுவரில் வெட்டிய காடிக்குள் முடிப்பது என்றும் எழுதினோம்.

நோயை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்ததால் கொத்துகிற பரப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. இடைஞ்சலைக் குறைத்ததில் பெரிய பங்கு இதற்குத்தான். சத்தத்துக்கு நேரம் ஒதுக்கியதும் தூசிக்குத் திரை கட்டியதும் எல்லாம் இதற்குப் பிறகு.

தட்டைச் சாய்வின் மேட்டுக்கோட்டோடு நான்கு பகுதிகளாகப் பிரித்தோம், ஒவ்வொன்றுக்கும் சொந்த வடிகுழாய். ஒரு பகுதி முடிந்து தண்ணீர் நிறுத்திச் சோதித்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். ஒரு பகுதிக்குக் கீழே உள்ள கட்டில்களை மட்டும் நகர்த்தினால் போதும், விடுதி மூட வேண்டியதில்லை. காலையில் திறந்தது எதுவும் மாலையில் மூடாமல் இருக்கக்கூடாது என்பது விதி.

வேலை நேரத்தை வைத்தியசாலை சொன்னபடி வைத்தோம், ஒப்பந்தகாரருக்கு அது பிடிக்கவில்லை. கிளினிக் நாட்களில் காலையில் கொத்துவது கிடையாது, நீரிழிவுக்காரர்கள் வெறும் வயிற்றோடு விடியவே வந்து காத்திருப்பார்கள், அவர்களுக்கு மேலே இடி இடித்தது மாதிரிச் சத்தம் போட முடியாது. அந்த நேரத்தில் பூச்சு வேலை, வலை வெட்டுவது, சுவர் கழுவுவது. கொத்துவது மதியத்துக்குப் பிறகு, மெசின் இல்லாமல் உளியால், நனைத்து நனைத்து. கழிவுகளைப் படிக்கட்டால் இறக்காமல் பின்பக்கத்தால் குழாய் வழியாகக் கீழே நின்ற உழவு இயந்திரப் பெட்டிக்கு நேராக விட்டோம், அம்புலன்ஸ் வரும் பாதையில் ஒரு கல்லும் விழக்கூடாது.

வேலை நடந்த விதம்

திட்டப்படி சித்திரையில் தொடங்க வேண்டியது. அனுமதி வந்தது ஆனியில். பணம் அந்த ஆண்டு முடிவதற்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். அரச வேலைகளில் ஒவ்வொரு வருடமும் இதுதான் நடக்கிறது, மழையில்லாத நல்ல மாதங்கள் கோப்பிலேயே போய்விடுகின்றன, மேசன் கரண்டியைத் தூக்கும்போது வானம் கறுக்கத் தொடங்குகிறது. ஆடி தொடக்கத்தில் ஏறினோம்.

ஆடியில் சோளகம் பலமாக வீசும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று தூசியை வடகிழக்குப் பக்க யன்னல்களுக்குக் கொண்டுபோகும் என்பதால் கொத்துகிற நாட்களில் அந்தப் பக்க யன்னல்களை மட்டும் சாத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தோம். புழுக்கத்துக்கு மேசை விசிறி இரண்டு கொண்டுவந்தார்கள். மூச்சுப் பிரச்சினை உள்ள நோயாளிகளைத் தாதிமார் அன்றைக்குத் தூரத்துக் கட்டில்களுக்கு மாற்றினார்கள். இதற்காக ஒவ்வொரு நாளும் காலையில் ஓவசியர் விடுதிக்குப் போய், இன்றைக்கு எந்த இடத்துக்கு மேலே, எத்தனை மணிக்குச் சத்தம் என்று சொல்லிவிட்டு வருவார். சின்னக் காரியம், ஆனால் முறைப்பாடு என்று ஒன்று வராமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலாவது பகுதி ஒழுங்காக முடிந்தது. தண்ணீர் நிறுத்திச் சோதிக்க ஒரு பகுதிக்கு நான்கு சென்ரிமீற்றர் உயரத்துக்கு 3,000 லீற்றர் வேண்டும். கோடை நடுவில் வைத்தியசாலைக் கிணற்றில் அவ்வளவு இறைக்க மனம் வரவில்லை, அதோடு அந்தக் கிணறு கொஞ்சம் உவர், கம்பி இருக்கிற கொங்கிரீட்டில் உவர்த்தண்ணீரைத் தேக்குவது நல்லதல்ல. பவுசரில் நல்ல தண்ணீர் எடுத்தோம், இரண்டு நாள் நிறுத்திப் பார்த்த பிறகு அதை வடியவிடாமல் பீப்பாய்களில் பிடித்து அடுத்த பகுதியின் சாந்தை நனைக்கப் பாவித்தோம். அந்தச் சாந்தைச் சாக்குப் போட்டு ஒரு வாரமாவது நனைத்திருக்க வேண்டும், சோளகக் காற்றில் காலையில் ஊற்றியது பத்து மணிக்குக் காய்ந்துவிடும்.

இரண்டாவது பகுதி திறந்திருந்த ஒரு பின்னேரம், ஆவணியில், யாரும் எதிர்பார்க்காத ஒரு இடிமழை. தறப்பாள் போட்டிருந்தது, ஆனால் மணல் மூட்டைகளை மட்டும் வைத்திருந்ததால் மழைக்கு முன்னால் வந்த காற்று ஒரு விளிம்பைத் தூக்கி மடித்துவிட்டது. அரைமணி நேர மழை. இரண்டு கட்டில் நனைந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளிலிருந்து தறப்பாளின் விளிம்பைச் சிலாகையில் சுற்றி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டுக் கயிற்றால் கட்டினார்கள், இரவுக் காவலாளியிடம் ஓவசியரின் தொலைபேசி எண் கொடுக்கப்பட்டது. விதியில் "மூட வேண்டும்" என்று எழுதியிருந்தோம், எப்படி மூட வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

ஓட்டுக் கூரை பெரிய வேலை இல்லை. பனங்கைமரங்கள் எல்லாம் நல்ல வைரம், ஒன்றுகூடப் பழுதில்லை. முகட்டோட்டின் சாந்து வெடித்திருந்தது, பீலியில் ஓட்டை, உடைந்த ஓடுகள் சில. களஞ்சியத்தில் மருந்து எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தார்கள்.

தாங்கிகளுக்கு அடியில்

மூன்றாவது பகுதியில்தான் கணக்குக் குழம்பியது. தண்ணீர் நிற்கக்கூடாது என்பதால் ஒரு தாங்கியை முதலில் நான்காவது பகுதிக்கு மாற்றி, தற்காலிகக் குழாய் இழுத்து, இரவில் இணைப்பை மாற்றி, பிறகு மற்றதை நகர்த்தினோம். மேடையை உடைத்தபோது கீழே கொங்கிரீட் கை பட்டாலே உதிர்கிற அளவில் இருந்தது. உடைந்த துண்டுகளில் சிப்பித் துகள்கள். அந்தக் காலத்தில் கடல்மணல் கலந்திருக்கிறார்கள், உப்பும் ஓயாத ஈரமும் சேர்ந்து கம்பியைத் தின்றிருக்கிறது. துரு கம்பியை விட அதிக இடம் பிடிக்கும், அதுதான் கீழே பூச்சைத் தள்ளி விழுத்தியது. சில கம்பிகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன.

இது பூசி மூடுகிற விடயம் இல்லை. கீழே ஆண்கள் விடுதிக் கழிவறையை மூடி முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, மெலிந்த இடங்களில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, திருத்தச் சாந்து போட வேண்டும். அந்த நாட்களில் ஆண் நோயாளிகளுக்கு ஊழியர்களின் கழிவறையைத் திறந்துவிட்டார்கள், நடக்க முடியாதவர்களுக்கு அற்றெண்டன்மார் கூடுதலாக உழைத்தார்கள். முழு வேலையிலும் வைத்தியசாலைக்கு உண்மையான கஷ்டம் வந்தது இந்த நாட்களில்தான்.

இதற்குப் பணம் மதிப்பீட்டில் இல்லை. இரண்டு வழி இருந்தது. மூன்றாவது பகுதியின் கம்பி வேலையைச் சுருக்கி நான்கு பகுதியையும் பூசி முடிப்பது ஒன்று. கம்பி வேலையை முழுதாகச் செய்து நான்காவது பகுதியை அடுத்த வருடத்துக்கு விடுவது மற்றது. "நாலும் முடிஞ்சது எண்டு எழுதினாத்தானே கணக்கு மூடலாம்" என்று ஒரு குரல் வந்தது. நாங்கள் இரண்டாவது வழியை எடுத்தோம். நான்காவது பகுதியில் தாதியின் கொப்பியில் ஒரே ஒரு ஒழுக்குத்தான் பதிவாகியிருந்தது. மூன்றாவதில் ஆட்களின் தலைக்கு மேலே கொங்கிரீட் விழலாம். நான்காவதில் வடிகுழாயை மட்டும் பெரிதாக்கி, வெடிப்புகளை அடைத்து, தாங்கிகளை அதிலிருந்து திருப்பி எடுத்தோம். இந்த முறை தாங்கிகள் தட்டில் உட்காராமல், சுவர்களுக்கு நேர் மேலே எழுப்பிய குட்டையான தூண்களில் நிற்கின்றன, அடியால் ஆள் குனிந்து கூட்டலாம். வழியும் தண்ணீருக்கு நேராக வடிகுழாய்க்குப் போகும் குழாயும் நீரேற்றும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவையும் வைத்தோம்.

ஐப்பசி முதல் மழைக்குச் சில நாட்களுக்கு முன் மூன்று பகுதிகளும் முடிந்தன.

முதல் மாரி

வடகிழக்கு மூலை வாடையோடு பெய்த மழைக்கும் காய்ந்தே இருந்தது. விடுதியின் நடுவில் தொடக்கத்தில் ஒரு ஈரத் திட்டுத் தெரிந்தது, உறுதியான பழைய படைக்குள் மிச்சமிருந்த ஈரம் கீழ்ப்பக்கமாகக் காய்கிறது என்று கணித்து ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தோம். கோட்டைத் தாண்டவில்லை, மார்கழிக்குள் மறைந்தது. கழிவறைக்கு மேலே சொட்டு இல்லை. மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் தட்டில் தண்ணீர் இல்லாமல் போகிறது, முன்பு நாட்கணக்கில் நின்றது. வெள்ளைப் பூச்சுக்குப் பிறகு பின்னேர வெக்கை குறைந்திருப்பதாகத் தாதிமார் சொன்னார்கள், அளந்து பார்க்கவில்லை.

நான்காவது பகுதி ஒழுகியது, எதிர்பார்த்த அதே இடத்தில். ஒரு வாளி வைத்தார்கள்.

மார்கழி நடுவில் முதலாவது பகுதியில் புதிதாக ஒரு சொட்டு. எல்லோருக்கும் மனம் உடைந்துபோனது, முழுதாகச் சோதித்த பகுதி அது. ஏறிப் பார்த்தால் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம், பூச்சு ஏற்றிய அந்த ஒரு அடிக்குள், புதிதாக நான்கு துளை, அதில் ஒரு இரும்புத் தாங்கி, அதில் இணையத் தொடர்புக்கான ஒரு அன்ரெனா. பொருத்த வந்தவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மேலே ஏறும் கதவும் பூட்டியிருக்கவில்லை. மழை விட்ட இடைவெளியில் அன்ரெனாவைச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு மாற்றி, துளைகளை அடைத்து, வலை வைத்துப் பூசியதோடு நின்றது.

அடுத்த முறை வேறாகச் செய்வது

வடிகுழாய்களை எல்லாவற்றுக்கும் முன்னால், சோதனை நடந்த பங்குனியிலேயே பெரிதாக்கியிருக்கலாம். முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு அதற்குத்தான், அதற்குப் பெரிய அனுமதியும் தேவையில்லை, பராமரிப்புப் பணத்திலேயே முடியும். நான்காவது பகுதியில் வேறெதுவும் செய்யாமலே தேங்குவது நின்றுவிட்டதைப் பார்த்த பிறகு இதை எங்கும் சொல்லி வருகிறேன்.

தாங்கிகளுக்கு அடியைத் திறந்து பார்க்காமல் மதிப்பீடு போடக்கூடாது. கீழே கம்பி தெரிந்தது, பங்குனியில் சொட்டியதும் தெரியும், இரண்டையும் சேர்த்து யோசித்தால் மேலே என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம். கம்பித் திருத்தத்துக்கு ஒரு தொகையைத் தனி வரியாக முதலிலேயே வைத்தால் நடுவில் கோப்புத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

மாலை மூடும் முறையை, தறப்பாளின் அளவு முதல் கட்டும் கயிறு வரை, ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், அதற்குத் தனியாகப் பணமும் கொடுக்க வேண்டும். பணம் இல்லாத வரியை எந்த ஒப்பந்தகாரரும் கவனமாகச் செய்வதில்லை.

மின்சாரத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஒழுகும் இடத்தில் உள்ள விசிறிப் பெட்டிகளை வேலை தொடங்கும் முன் பிரித்து வைத்திருந்தால் ஆவணி மழையன்று தண்ணீர் மின்சாரத்தில் பட்டுவிடுமோ என்ற பதற்றம் இருந்திருக்காது.

கூரைக் கதவுக்கு இப்போது பூட்டு இருக்கிறது, திறப்பு நிர்வாகப் பிரிவில். மேலே எதையும் பொருத்த வருபவர் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். புரட்டாதி கடைசியில் ஒரு முறையும் கார்த்திகையில் ஒரு முறையும் வடிகுழாய் வாய்களைத் துப்புரவாக்கும் வேலையை ஒரு ஊழியரின் கடமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அது எளிதாக நடக்கும்படி வாய்களுக்குக் கழற்றக்கூடிய கம்பிவலை மூடி போட்டோம்.

நான்காவது பகுதிக்கான மதிப்பீடு 2024 தை மாதத்திலேயே கொடுக்கப்பட்டது. கம்பித் திருத்தத்துக்கும் தறப்பாளுக்கும் அதில் தனித்தனி வரி. சித்திரைக்குள் அனுமதி கிடைத்தால் வைகாசியில் ஏறலாம், ஆனியில் வந்தாலும் ஒரே ஒரு பகுதி என்பதால் ஆவணிக்குள் முடித்துத் தண்ணீர் நிறுத்திப் பார்க்க நேரம் இருக்கும் என்பது அப்போதைய கணக்கு.